வாய்ஸ் டைப்பிங்கை வைத்துப் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தர முடியுமா? (14 பேர், 6 ஸ்மார்ட்போன், உசிலம்பட்டிப் பக்கம்)

செல்லம்பட்டிக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கும் செல்லம்பட்டிக்கும் நடுவில், மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஏழு மாதமாக ராத்திரி 8 மணிக்கு ஊர்ப் பொது இடமான மந்தையில் இருக்கிற நாடகமேடையில் ஊர்ப் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களும் அப்பத்தாக்களும் தூண் ஓரம் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வகுப்பு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

14 பேர் வருகிறார்கள். சின்னவருக்கு 34 வயது, பெரியவருக்கு 63. நூறு நாள் வேலை, களையெடுப்பு, கடலை பறிப்பு என்று பகல் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள். எல்லோரும் எனக்கு அத்தை, பெரியம்மா, மதினி, அப்பத்தா முறைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், பெண்களுக்கு மட்டும் பார்த்தால் 73.44. அதாவது நூறு பெண்களில் 26 பேர் மீதி. அந்த 26 பேர் யார் என்று யாராவது கேட்டால், முகம் முகமாக என்னால் சொல்ல முடியும். அதில் ஒருவர் என் அம்மா.

முதல் மூன்று மாதம் பலகையில் அ, ஆ எழுதித்தான் ஓட்டினேன். அரிவாள் பிடித்துக் காய்த்த கைக்கு ‘அ’ வளைய மாட்டேன் என்றது. பிறகு வெளியூர் அமைப்பு ஒன்று இரண்டு டேப் (டேப்லெட்) கொடுத்தது. அதில் இருந்ததெல்லாம் குழந்தைகளுக்கான கதை, குழந்தைகளுக்கான குரல். சரியாகத் தொட்டால் “சபாஷ் கண்ணு” என்கிறது. 58 வயது அத்தை அதைக் கீழே வைத்துவிட்டு, “ஏத்தா, நான் பேரன் பேத்தி எடுத்தவ. என்னைய எதுக்கு இது கொஞ்சுது?” என்று கேட்டார். அவர் முகம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. மறுவாரம் 14 பேர் 9 பேர் ஆனார்கள், மீதிப் பேர் பிறகுதான் திரும்பி வந்தார்கள்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். போன மாதம் ஒருநாள் மதினி ஒருவர் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பப் போனார். எப்போதும் அழுத்துகிற மைக்குக்குப் பதிலாக, கீபோர்டில் இருக்கிற மைக்கை அழுத்திவிட்டார். “வரும்போது ரேஷன் கடையில பாமாயில் வாங்கிட்டு வாங்க” என்றார். அவர் பேசப் பேச எழுத்து ஓடி வந்து நின்றது. “இது நான் பேசுனதா?” என்று கேட்டவர், விரலை வைத்து வரியைத் தடவி “பாமாயில்” என்ற இடத்தில் நிறுத்தினார். சரியான இடம்! ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் 9.30 மணி வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒவ்வொருவரும் வரிசையாக வந்து ஒரு வாக்கியம் பேசிவிட்டு, தன் வாக்கியத்தைத் தானே பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதை ஒரு பாடமுறையாகவே வைத்துக்கொள்ள முடியுமா? எனக்குப் பிடிபடாமல் நிற்கிற சிக்கல்கள் இவை. அவர்கள் நிஜமாகவே படிக்கிறார்களா, தாங்கள் சொன்னதை ஞாபகத்திலிருந்து சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு போனுக்குப் பாதி புரிவதில்லை, “இங்கிட்டு வா” என்றால் “இங்கு விட்டு வா” என்று வருகிறது. நோட்டில் ‘கொ’ எழுதக் கொம்பைத்தான் முதலில் போடச் சொல்லிக்கொடுத்தேன், அதே மாதிரி போனில் கொம்பை முதலில் தட்டினால் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் வந்து நிற்கிறது. அப்புறம் போன் கணக்கு: 6 ஸ்மார்ட்போன், 5 பட்டன் போன், 3 பேருக்கு எதுவும் இல்லை. அந்த ஆறிலும் நான்கு போன் மகன்களுடையது.

அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தேர்வையும் இவர்களை எழுதவைக்க ஆசை. வாசிப்பு 50, எழுத்து 50, கணக்கு 50 என்று 150 மதிப்பெண். அதைக் கையால்தான் எழுத வேண்டும். அதனால் நோட்டை விடவும் முடியாது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரிலிருந்து அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. ரேகை வைத்துப் பணம் எடுத்துத் தருகிற ஒருவர் மூன்று மாதம் 900 ரூபாய் மட்டும் கொடுத்து, “இவ்வளவுதான் வந்துச்சு” என்று சொல்லியிருக்கிறார். 1,000 வந்தது என்ற மெசேஜ் அம்மா போனிலேயே கிடந்தது. அம்மாவுக்கு எண் தெரியும். ஆனால் அந்த மெசேஜில் எது கணக்கு எண், எது தேதி, எது தொகை, எது மீதி என்று தெரியாது. 300 ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை. “நாந்தான் தப்பா நினைச்சுட்டேன் போல” என்று அம்மா மூன்று மாதமும் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

---

அரிக்கேன்_மேலூர் எழுதியது:

தாயி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேலூர்ப் பக்கம் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவன் நான். அப்போது எனக்கு 24 வயது. இன்றைக்கும் வீட்டில் அந்த அரிக்கேன் விளக்கு இருக்கிறது.

நாங்கள் ‘அ’வில் ஆரம்பிக்கவில்லை. எங்கள் மையத்தில் பலகையில் முதலில் எழுதிய சொல் ‘பட்டா’. ‘ட’வும் ‘ப’வும் கோடு கோடாக இழுத்தால் வந்துவிடும், வளைவு கிடையாது. அப்புறம், பட்டா என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காராத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. யார் நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பிவிடும். பேச்சு கிளம்பினால் பாடம் நடந்தது என்று அர்த்தம்.

பயிற்சியில் எங்களுக்கு பிரேசில் நாட்டு பாவ்லோ ஃப்ரேய்ரேயைப் பற்றிச் சொன்னார்கள். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் 300 உழைப்பாளிகளுக்கு 45 நாளில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். முதலில் ஊர்க்காரர்கள் வாயில் புழங்குகிற சொற்களைத்தான் பொறுக்குவார். ‘செங்கல்’ என்பது மாதிரி ஒரு சொல். அதைப் பிரித்து, அந்த எழுத்தின் குடும்பத்தைக் காட்டி, அதிலிருந்து புதுச் சொல் கட்டவைப்பார். ட, டா, டி, டீ என்று குடும்பம் குடும்பமாக இருக்கிற நம் எழுத்துக்கு அந்த முறை அப்படியே பொருந்தும். உங்கள் மதினி வாயிலிருந்து வந்த பாமாயிலும் அந்தச் செங்கல் மாதிரிதான்.

படிக்கிறார்களா, ஞாபகமா என்று கேட்டீர்கள். முதல் நாள் ஞாபகம்தான், அதில் தப்பே இல்லை. அதிலிருந்து படிப்புக்குக் கடத்த வேண்டும், அதற்குக் கத்தரிக்கோல் போதும். போனில் வந்த வரியைப் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதுங்கள். சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டு, திரும்ப அடுக்கச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாக வெட்டுங்கள். பா, மா, யி, ல். இப்போது ‘பா’வையும் ‘ல்’லையும் பக்கத்தில் வைத்து என்னவென்று கேளுங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் “பால்” என்று சொன்னால் அவர் படித்துவிட்டார். அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள்.

போன் தப்பாகக் கேட்கிறது என்று வருத்தப்பட்டீர்கள். எனக்கென்னவோ அதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய வரம் என்று தோன்றுகிறது. “நான் சொன்னது இது இல்ல” என்று ஒரு அத்தை சொல்ல வேண்டுமென்றால், அவர் திரையில் இருப்பதைப் படித்தாக வேண்டும். ஞாபகத்தை வைத்துத் தப்பைப் பிடிக்க முடியாது. எங்கள் காலத்தில் இப்படித் தப்புப் பண்ணிக் கொடுக்கிற ஒரு கருவிக்கு நாங்கள் எங்கே போவது?

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். தேர்வு முடிந்ததும் நாங்கள் கலைந்துபோனோம். இரண்டு வருடம் கழித்து எங்கள் மையத்தில் படித்த அக்கா ஒருவரைத் தாலுகா ஆபீஸ் வாசலில் பார்த்தேன். கட்டைவிரலில் மை. “எல்லாம் மறந்துபோச்சு தம்பி” என்றார். அவர் ஊரில் படிக்க என்ன இருந்தது? சுவரில் கட்சிச் சின்னம், மஞ்சள்பை மேல் ஜவுளிக்கடைப் பேர், அவ்வளவுதான். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளியோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அங்கே எழுத்தோடு சேர்ந்து கையில் ஒன்று தங்கியது. எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. உங்களிடம் போன் இருக்கிறது. வகுப்பு முடிந்த பிறகும் ஆளுக்கு தினமும் ஒரு வரி போய்ச் சேரட்டும். ஒரு வரி போதும்.

---

கண்_கேம்ப் எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். உங்கள் 14 பேரில் 40 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் படிக்கிற கண்ணாடி போடுகிறார்கள்?

22 வருடமாகக் கண் முகாம்களில் வேலை பார்க்கிறேன். நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வளைந்துகொடுக்காமல் இறுகிவிடும். தூரத்து பஸ் நன்றாகத் தெரியும், கையில் இருக்கிற நோட்டு மங்கும். இதற்கு நம் ஊரில் வெள்ளெழுத்து என்று பெயர். படித்தவருக்குச் செய்தித்தாள் மங்கியதும் உடனே தெரிந்துவிடும். எழுத்தே தெரியாதவருக்கு இது வந்தது எப்படித் தெரியும்? அவர் “எனக்கு மண்டையில ஏறல” என்றுதான் நினைப்பார். நூற்றுக்கணக்கான பேர் வாயால் இதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும்.

நீங்களே சோதிக்கலாம். அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் பேத்தியைக் கூப்பிடுகிறார்களா? போனை வாங்கியதும் கையை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறார்களா? அப்படியென்றால் கண்ணாடி வேண்டும். பெரும்பாலும் +1.00க்கும் +3.00க்கும் நடுவில்தான் பவர் இருக்கும், விலையும் அதிகமில்லை. ஆனால் ரோட்டோரத்தில் வாங்கிப் போட்டுவிடாமல் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். புரை, சர்க்கரையால் வருகிற பாதிப்பு இதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்போது சின்ன ஊர்களிலும் பார்வை மையங்கள் இருக்கின்றன. அங்கே பரிசோதனை நடக்கும்போது மருத்துவர் இன்டர்நெட் வழியாக நோயாளியிடம் பேசுவார். உங்களுக்குப் பக்கத்தில் எது என்று விசாரியுங்கள்.

இன்னொன்று. நாடகமேடையில் டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நோட்டின் மேல் அவரவர் நிழலே விழும். போன் தானே வெளிச்சம் தருகிறது. “போனில் ஆர்வம், நோட்டில் இல்லை” என்று உங்களுக்குத் தோன்றினால், அதில் பாதி வெளிச்ச வித்தியாசமாகவே இருக்கலாம். பலகை இருக்கிற பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

---

செல்கடை_திருமங்கலம் எழுதியது:

அக்கா, அந்தப் புள்ளி வட்டம் தினமும் என் கடைக்கு வருகிற கேள்வி. போனில் தமிழ் சேமிக்கப்படுவது காதில் கேட்கிற வரிசையில். முதலில் ‘க’, பிறகுதான் கொம்பும் காலும் சேர்ந்த குறி. கொம்பை மட்டும் முதலில் தட்டினால், அது ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் வட்டத்தைக் காட்டும். உங்கள் அத்தைகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நோட்டில் கண் போகிற வரிசை, போனில் வாய் போகிற வரிசை.

இல்லாவிட்டால் தட்டவே வேண்டாம். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழுக்குக் கையால் எழுதுகிற வசதி இருக்கிறது. மொழி அமைப்பில் போய்த் தமிழைச் சேர்க்கும்போது அதையும் தேர்வு செய்துவிட்டால், திரையில் விரலாலேயே பெரிதாக எழுதலாம். நோட்டில் படித்த வரிசை அப்படியே செல்லும். பென்சில் பிடிக்கத் திணறுகிற கைக்கு விரல் நல்லது. என்னைக் கேட்டால் நோட்டையே ஓரம் வைத்துவிடலாம் என்பேன்.

வாய்ஸ் டைப்பிங்குக்கு நெட் நன்றாக வர வேண்டும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கோயில் ரேடியோ செட் பாடுகிற நாளில் முயற்சி பண்ணாதீர்கள். பட்டன் போன்காரர்களை எண் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகள் நம்பரை மனப்பாடமாக அழுத்துகிறவரைப் பார்த்து எழுதவையுங்கள், எழுதியதைப் பார்த்து அழுத்தவையுங்கள்.

அப்புறம் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். படிக்க ஆரம்பித்ததும் வருகிற எல்லா மெசேஜையும் திறக்க ஆசை வரும். ‘பரிசு விழுந்தது’ என்று லிங்க் வரும். ஓடிபி கேட்டு போன் வரும். எழுத்து கூட்டத் தெரிந்து, ஏமாற்று தெரியாத அந்த ஆறு மாதம்தான் ஆபத்து. என் கடைக்கு ஒரு அம்மா முழுச் சேமிப்பும் போன பிறகு வந்து நின்றார். ஓடிபி எண்ணைத் தப்பில்லாமல் படித்துச் சொல்லியிருக்கிறார். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

---

அரிக்கேன்_மேலூர் எழுதியது:

தம்பி சொன்ன பாதுகாப்பு விஷயம் ரொம்பச் சரி. ஆனால் நோட்டை ஓரம் வைக்கச் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த 63 வயது அம்மாவுக்குப் போன் இல்லை என்றால் அவருக்கு என்ன மிச்சம்? மகன் போனை எடுத்துக்கொண்டு திருப்பூர் போய்விட்டால்? தன் பெயரைத் தானே எழுதின நோட்டை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. பேங்க் சலானில் கையெழுத்துப் போடுகிற நிமிஷத்துக்காகத்தான் பாதிப் பேர் வகுப்புக்கே வருகிறார்கள்.

---

நாகமலை_மாணவி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்த பிரிஜ் கோத்தாரி, டிவியில் வருகிற சினிமாப் பாட்டுக்கு அதே மொழியிலேயே வரிகளை அடியில் ஓடவிட்டால் என்ன என்று 1996இல் யோசித்தார். 1999இல் குஜராத்தி தூர்தர்ஷனில் அது நடைமுறைக்கு வந்தது. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம், அதனால் கண் தானாக வரியைத் தொடரும். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் வேகம் வராமல், வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகிறவர்களுக்கு இது நன்றாக உதவும். யூடியூபில் வரியோடு வருகிற பாட்டைத் தேடும்போது தமிழ் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பாட்டு ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அதைவிட, உங்கள் பெரியம்மாக்கள் பாடுகிற நடவுப்பாட்டையும் தாலாட்டையும் போனில் பதிவு செய்து நீங்களே வரியைப் போட்டுக் கொடுக்கலாம்.

கணினியில் சொல்லிக்கொடுப்பதும் புதிதில்லை. 2000த்தில் எஃப். சி. கோலி முனைப்பில் டிசிஎஸ் நிறுவனம் ஒரு திட்டம் ஆரம்பித்தது. எழுத்தில் தொடங்காமல் முழுச் சொற்களைப் படமும் குரலுமாகக் காட்டி, சுமார் 40 மணி நேரத்தில் வாசிக்கவைப்பது நோக்கம். அது வாசிப்பை மட்டும்தான் குறிவைத்தது, எழுதுவதை அல்ல. உங்களுக்கு இரண்டும் வேண்டும் என்பதால் அரிக்கேன் ஐயா பக்கம்தான் நான்.

---

பூக்காரம்மா எழுதியது:

வணக்கம். நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ எடுத்து ஒத்தக்கடையில் விற்கிறேன். இதைப் பேசித்தான் எழுதுகிறேன். பேசியதை ஒரு தடவை படித்துப் பார்த்துத் திருத்தினேன். நாற்பத்தி ஆறு வயதில்தான் படித்தேன். இப்போது ஐம்பது.

எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மண்டியில் சிட்டை தருவார்கள். எத்தனை கிலோ, என்ன விலை, கழிவு எவ்வளவு என்று அதில் இருக்கும். மல்லி விலை ஒரு நாள் 300, முகூர்த்தம் வந்தால் 2,000 கூடத் தாண்டும். சிட்டையைப் பக்கத்துக் கடைத் தம்பியிடம் காட்டி, படித்துச் சொல்லச் சொல்வேன். ஒருநாள் அவன் வியாபாரத்தில் இருந்தான், “அப்புறம் வாங்கக்கா” என்றான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றைக்கு ராத்திரி பேத்தியிடம் உட்கார்ந்தேன்.

மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி, அரளி. இந்த ஐந்து சொல்தான் முதலில் படித்தேன். இதிலேயே எத்தனை எழுத்து வருகிறது என்று பாருங்கள் டீச்சர். உங்கள் ஊரில் அவர்கள் கை படுகிற பொருளை வைத்து ஆரம்பியுங்கள். கடலை, களை, கருவேலம், கம்மாய். எல்லாம் ‘க’தான்.

இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அத்தனை பேர் பார்க்கத் தப்பாகப் படிக்க வெட்கமாக இருக்கும். நான் தனியாக, கட்டிலில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படித்தேன். போன் சிரிக்காது. யாரிடமும் சொல்லாது. எனக்கு அது பெரிய விஷயம்.

---

செல்லம்பட்டிக்காரி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. வெறும் நன்றியோடு விட மனசில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

கண்_கேம்ப் அண்ணன் சொன்னதைத்தான் முதலில் செய்தேன். எல்லோரிடமும் ஊசியும் நூலும் கொடுத்தேன். 14 பேரில் 9 பேரால் கோக்க முடியவில்லை. அத்தை ஒருவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப எனக்கு மண்டையில ஏறாம இல்லையா?” என்று கேட்டார். டேப்பைக் கீழே வைத்த அதே அத்தை. ஏழு மாதம் அவரை மங்கலான நோட்டின் முன்னால் உட்காரவைத்தது நான்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. பலகையை மேற்குப் பக்கம் திருப்பிவிட்டோம். இரண்டு பேர் ஏற்கெனவே உசிலம்பட்டி போய்க் கண்ணாடி வாங்கிவிட்டார்கள்.

கத்தரிக்கோல் பாடம் தினமும் நடக்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசுவது, நான் எழுதுவது, வெட்டுவது, அடுக்குவது. போன் இல்லாதவர்களும் என் போனில் பேசுகிறார்கள், அதற்குப் பிறகு எல்லாமே காகிதம் என்பதால் யாருக்கும் குறையில்லை. ‘பா’வும் ‘ல்’லும் வைத்த அன்று ஐயா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. மதினி இரண்டு நிமிஷம் வெறித்துப் பார்த்தார். “பா... ல்... பால்!” என்றவர், உடனே ‘மா’வையும் ‘ல்’லையும் தானே சேர்த்து, “மால்னு ஒண்ணு இருக்கா?” என்று கேட்டார். மதுரையில் இருக்கிறது, போவோம் என்றேன்.

போன் தப்பாக எழுதுவதைப் பிடிப்பது இப்போது அவர்களுக்குப் பிடித்த பகுதி. “கம்மாயில தண்ணி இல்ல” என்றதை “அம்மாயில தண்ணி இல்ல” என்று எழுதியது. மூன்று பேர் ஒரே நேரத்தில் ‘அ’ மேல் விரலை வைத்தார்கள். மூன்று மாதம் கையில் வளையாத அந்த ‘அ’வைத் தப்பான இடத்தில் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். 63 வயது அப்பத்தாவுக்கு இது எதுவும் உதவவில்லை. போனைப் பார்த்துப் பேசச் சொன்னால் வாய் அடைத்துப்போகிறது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைத்தால்தான் வருகிறது. அதற்கு எனக்கு நேரம் போதவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற அவர் பேத்தியைச் சனி, ஞாயிறு கூட வரச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு பெரியம்மாவை வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் நான் தினமும் அனுப்புகிற வரியைப் பார்த்துவிட்டு, “யார் இது ராத்திரியில மெசேஜ் அனுப்புறது?” என்று சத்தம். நேரில் போய்ப் பேசினேன். இப்போதைக்குத் திண்ணையில் வைத்து அவர் கண்ணெதிரே படிக்கலாம் என்று சம்மதித்திருக்கிறார். மற்றவர்களுக்கும் வரியைச் சாயங்காலம் 6 மணிக்கே அனுப்பிவிடுகிறேன்.

பூக்காரம்மா, உங்கள் பதிலை வகுப்பில் சத்தமாகப் படித்தேன். போர்வைக்குள் படித்தேன் என்ற இடத்தில் ரெண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். வாய்ஸ் மெசேஜாக எனக்குத் தனியாகப் படித்து அனுப்புகிறார்கள். ராத்திரி 10 மணிக்கு மேல்தான் வருகிறது, ஆடு கத்துகிற சத்தமும் மிக்சி ஓடுகிற சத்தமும் பின்னால் கேட்கும். ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன்.

அம்மாவுக்குப் பேங்க் மெசேஜை மட்டும் தனிப் பாடமாக எடுத்தேன். ஆங்கிலத்தில் வருகிறது, அதனால் சொற்களை விட்டுவிட்டு, தொகைக்கு முன்னால் நிற்கிற அடையாளத்தை மட்டும் காட்டினேன். இந்த மாதம் பணம் வந்த அன்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆளிடம் திரையைக் காட்டி, “ஆயிரம்” என்று மட்டும் சொன்னாராம். முழுசாகக் கொடுத்திருக்கிறார்.

செல்கடைத் தம்பி, ஓடிபி பாடத்தை இந்த வாரம் எடுக்கிறேன். ஏமாற்று மெசேஜ் எப்படி இருக்கும் என்று காட்ட, உங்கள் கடைக்கு வந்தவை இருந்தால், நம்பரை மறைத்துவிட்டு இங்கே தட்டச்சு செய்து போட முடியுமா? தமிழில் வந்தவையாக இருந்தால் நல்லது. திங்கட்கிழமை மீதி ஏழு பேரையும் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறோம். காலை 8 மணிக்கு மந்தையில் வேன் நிற்கும். அன்றைக்கு நூறு நாள் வேலைக்கு லீவு போட வேண்டும் என்று அத்தையே எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டார்.